300 மீட்டர் ஆழம் தாங்கும் வாட்ச்... செம்பரம்பாக்கமே 24 அடிதானே! 'டைவ் வாட்ச்' யாருக்கு, எதற்கு?

செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினால் நீர்மட்டம் 24 அடி. மழைக்காலத்தில் இந்த எண்ணைச் சொல்லாத செய்தி சேனலே கிடையாது. மீட்டர் கணக்கில் சுமார் 7.3. இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் வேலை பார்ப்பவருக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய நீர்நிலை இதுதான். ஆனால், ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து இன்ஸ்டாகிராமைத் திறந்தால் வரும் வாட்ச் விளம்பரம், '300 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்கிறது. 41 செம்பரம்பாக்கத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் தாங்குமாம்.

யாருக்கு இது? ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆனால், டைவ் வாட்ச் கட்டியவர்களை ஐ.டி. பார்க் லிஃப்டிலும் கல்யாண ரிசப்ஷனிலும் தாராளமாகப் பார்க்கலாம். முதல் சம்பள உயர்வு வந்ததும் 'ஒரு நல்ல மெக்கானிக்கல் வாட்ச் வாங்கணும்' என்று தேடத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் வந்து நிற்கும் இடமும் இதுவே. விலை சில ஆயிரத்தில் தொடங்கி பல லட்சம் வரை போகிறது. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் நல்லதுதானே!

ஐம்பது பாகம்

கதை 1953-ல் தொடங்குகிறது. சுவிட்சர்லாந்தின் பிளாங்பான் நிறுவனத்தை நடத்திவந்த ழான்-ழாக் ஃபீஷ்டர், தானே கடலில் மூழ்கும் பழக்கம் உள்ளவர். ஒருமுறை பிரான்ஸின் தென்கடலில் நேரத்தைக் கவனிக்காமல் விட்டதில் சிலிண்டரில் காற்று தீர்ந்து, அவசரமாக மேலே வரவேண்டியதாகிவிட்டது. கிட்டத்தட்ட அதே சமயம், பிரெஞ்சுக் கடற்படையின் நீர்மூழ்கி வீரர்கள் பிரிவை உருவாக்கிக்கொண்டிருந்த பாப் மாலுபியேவும் க்ளோத் ரிஃபோவும் தங்கள் ஆட்களுக்கு ஒரு வாட்ச் தேடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு தேவையும் சேர்ந்து பிறந்ததுதான் 'ஃபிஃப்டி ஃபேதம்ஸ்'. ஃபேதம் என்பது வேறொன்றுமில்லை, நம் மீனவர்கள் ஆழம் அளக்கச் சொல்லும் 'பாகம்'தான். இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம், 6 அடி. ஐம்பது பாகம் என்றால் சுமார் 91 மீட்டர். அந்தக் காலத்தில் மூச்சுக் கருவியோடு ஒருவர் போகக்கூடிய எல்லை அதுதான் என்று கருதினார்கள். ரோலெக்ஸ் 'சப்மரைனர்' உருவானதும் அதே 1953-ல்தான். அடுத்த ஆண்டு பாசல் கண்காட்சியில் உலகுக்கு அறிமுகமானது.

இவற்றை உருவாக்கிய கேள்வி, 'உள்ளே இறங்கி எத்தனை நிமிஷம் ஆச்சு?' என்பதுதான். மணி என்ன என்பது அங்கே இரண்டாம் பட்சம்.

கோலி சோடா கணக்கு

கடலுக்கடியில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் நாம் சுவாசிக்கும் காற்றில் உள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசைகளிலும் கரைகிறது. கோலி சோடாவில் கோலி மூடியிருக்கும்வரை வாயு தெரியாது, தட்டித் திறந்தால்தான் பொங்கும். அதேபோல, அதிக நேரம் ஆழத்தில் இருந்துவிட்டு சட்டென்று மேலே வந்தால் நைட்ரஜன் உடம்புக்குள் குமிழியாகப் பொங்கும். மூட்டு வலியில் தொடங்கி, பக்கவாதம், மரணம் வரை போகலாம். இதைத்தான் 'பெண்ட்ஸ்' என்கிறார்கள்.

ஆகவே ஒவ்வொரு ஆழத்துக்கும் ஒரு நேர எல்லை உண்டு. உலகம் முழுக்க டைவிங் பள்ளிகளில் சொல்லித்தரும் 'பாடி' அமைப்பின் அட்டவணைப்படி, 18 மீட்டரில் 56 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம், 40 மீட்டரில் 9 நிமிடம்தான். அதற்குள் கிளம்பினால், வழியில் கட்டாயமாக நின்று நைட்ரஜனை வெளியேற்ற வேண்டிய அவசியம் இல்லை. ஆழம் இரண்டு மடங்கானால் நேரம் பாதியாவதில்லை, அதைவிட மோசமாகச் சுருங்குகிறது என்பதைக் கவனியுங்கள்.

இப்போது டைவ் வாட்ச்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். டயலைச் சுற்றி எண் போட்ட ஒரு வளையம் இருக்கிறதா? அதுதான் பெஸல். தண்ணீரில் இறங்கும் நொடியில் அதிலுள்ள முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பிவைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. பிறகு நிமிட முள் எந்த எண்ணைக் காட்டுகிறதோ, அத்தனை நிமிடம் ஆகிவிட்டது என்று பொருள். கழித்தல் கணக்கு எதுவும் தேவையில்லை. ஆழத்தில் மூளை கொஞ்சம் மந்தமாகிவிடும் என்பதால், அங்கே கணக்குப் போடாமல் இருப்பதே பாதுகாப்பு.

இந்த வளையம் இடப்பக்கமாக மட்டும்தான் சுற்றும். ஏன்? பாறையிலோ படகிலோ இடித்து அது நகர்ந்துவிட்டால், உண்மையில் ஆனதைவிட அதிக நேரம் ஆனதாகத்தான் காட்டும். நீங்கள் முன்கூட்டியே மேலே வந்துவிடுவீர்கள். தப்பு நடந்தாலும் அது உயிரைக் காக்கும் பக்கமாகவே நடக்க வேண்டும் என்ற யோசனை. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலை பார்க்கும் இன்ஜினீயர்களுக்கு இதன் பெயர் நன்றாகவே தெரியும்: போகா-யோகே. பாகத்தைத் தலைகீழாக மாட்டவே முடியாதபடி ஃபிக்ஸ்சர் வடிவமைப்போமே, அதேதான். என்னைக் கேட்டால், ஒரு டைவ் வாட்ச்சில் மிக அழகான விஷயம் இந்த ஒருவழி வளையம்தான்.

மற்ற வடிவமைப்பும் இப்படியே வந்தது. நிமிட முள் தடியாக, சில வாட்ச்களில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். மணி முள் சிறிதாக ஓரங்கட்டப்பட்டிருக்கும். காரணம், தண்ணீருக்கடியில் நிமிடம்தான் ராஜா. இருட்டில் ஒளிரும் பூச்சு முதலில் ரேடியம் என்ற கதிரியக்கப் பொருளில் இருந்தது. பிறகு டிரிட்டியம். இன்று ஜப்பானில் உருவான, கதிரியக்கம் இல்லாத 'லூமினோவா' வகை. நொடி முள்ளிலும் ஒரு ஒளிப்புள்ளி இருக்கும். வாட்ச் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்பதை இருட்டிலும் தெரிந்துகொள்ளத்தான். மேலே மூடியிருப்பது செயற்கை சஃபையர். நம் ஸ்ரீபெரும்புதூர் செயின்ட்-கோபெய்ன் ஆலையில் தயாராகும் வகைக் கண்ணாடியின் கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் ஐந்தரை வாக்கில். கடற்கரை மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7 என்பதால் அதைக் கீறிவிடும். சஃபையர் 9. மணல் ஒன்றும் செய்ய முடியாது.

லீக் டெஸ்ட் ஃபெயிலானால் எல்லாம் போச்சு

தண்ணீர் வாட்ச்சுக்குள் நுழைய வழிகள் மூன்றுதான்: கண்ணாடியின் விளிம்பு, பின்மூடி, மணி திருப்பும் குமிழான கிரவுன். முதல் இரண்டும் அசையாதவை. கிரவுன்தான் தொல்லை. அதன் தண்டு கேஸைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது, அதைத் திருகவும் இழுக்கவும் வேண்டும். இதற்கு 1926-ல் ரோலெக்ஸ் பிரபலமாக்கிய தீர்வு, கிரவுனை மரை போட்டுத் திருகி மூடிவிடுவது. உள்ளே ரப்பர் ஓ-ரிங். பைப் ஃபிட்டிங்கில் செய்வதுதான், அளவு மட்டும் மிகச் சிறியது.

டைவ் வாட்ச்சுக்குத் தானாகச் சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் இன்ஜின் ஏன் பொருத்தமானது என்பதற்கும் இதில் ஒரு காரணம் இருக்கிறது. கை அசைவில் உள்ளே ஒரு சுழலி ஆடி ஸ்பிரிங்கை முறுக்கிக்கொள்ளும். தினமும் கிரவுனைத் திறந்து சாவி கொடுக்க வேண்டாம். திறப்பது குறைந்தால் ரிங் தேய்வதும், மூட மறப்பதும் குறையும்.

டைவ் வாட்ச் என்று சொல்லிக்கொள்ள ஒரு சர்வதேசத் தரம் உண்டு: ஐஎஸ்ஓ 6425. குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும், இருட்டில் 25 செ.மீ. தூரத்திலிருந்து நேரம் தெரிய வேண்டும், காந்தம், அதிர்ச்சி, உப்புநீர், திடீர் வெப்ப மாற்றம் எல்லாவற்றையும் தாண்டி ஓட வேண்டும். முக்கியமாக, குறிப்பிட்ட ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் ஒவ்வொரு வாட்ச்சையும் சோதிக்க வேண்டும். 200 மீட்டர் என்று அச்சிட்டால் 250 மீட்டருக்கான அழுத்தம். சாதாரண 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' வாட்ச்களுக்கான தரம் வேறு. அங்கே மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துச் சோதித்தால் போதும்.

இருங்காட்டுக்கோட்டை பக்கம் வாகன உதிரிபாக ஆலைகளில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ரேடியேட்டரையோ இன்ஜின் பாகத்தையோ காற்றடைத்து, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்கும் லீக் டெஸ்ட்டின் குட்டித் தம்பிதான் வாட்ச் சர்வீஸ் சென்டரில் மேஜைமேல் இருக்கும் கருவி. வாட்ச்சை ஒரு சிறு அறைக்குள் வைத்து அழுத்தம் கொடுப்பார்கள். கேஸ் நுண்ணளவில் நசுங்கி அப்படியே நின்றால் பாஸ். மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பினால் காற்று உள்ளே கசிகிறது என்று அர்த்தம். தண்ணீரே தேவையில்லை.

இங்கே ஒரு கட்டுக்கதையை உடைத்துவிடலாம். '30 மீட்டர் வாட்ச்சோடு நீந்தினால், கையை வீசும் வேகத்தில் அழுத்தம் எகிறி தண்ணீர் புகுந்துவிடும்' என்று பலரும் சொல்வார்கள். கணக்குப் போட்டால், வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கையை வீசினாலும் கூடும் அழுத்தம் சுமார் 0.125 பார். கூடுதலாக ஒன்றேகால் மீட்டர் ஆழம் போனதற்குச் சமம், அவ்வளவுதான். அப்படியானால் 30 மீட்டர் வாட்ச் ஏன் நீச்சல் குளத்தில் செத்துப்போகிறது? மரை இல்லாத கிரவுன், மெல்லிய ரிங், அதுவும் வருடக்கணக்கில் மாற்றாமல் காய்ந்துபோன ரிங். தயாரிப்பாளர்களே 30 மீட்டரை 'கை கழுவும்போது தெறித்தால் பரவாயில்லை' என்ற அளவில்தான் சொல்கிறார்கள். நீந்த 100 மீட்டர் என்று போட்டதை வாங்குங்கள்.

300 மீட்டர் வாட்ச்சோடு வெந்நீர் ஷவர்? தவிர்ப்பதே நல்லது. சூடும் சோப்பும் ரப்பரைப் பழுதாக்கும். ஆழ்கடலைவிட பாத்ரூம்தான் வாட்ச்சுக்கு மோசமான இடம்.

சரி, பத்து மணி நிலையில் சில வாட்ச்களில் தனியாக ஒரு வால்வு இருக்குமே? அது ஹீலியம் வால்வு. எண்ணெய்க் கிணறு வேலைக்காக நாள்கணக்கில் ஹீலியம் கலந்த அழுத்த அறையிலேயே வாழும் தொழில்முறை டைவர்களுக்காக 1960-களில் வந்தது. நுண்ணிய ஹீலியம் உள்ளே புகுந்து, அழுத்தம் குறையும்போது கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு வெளியேறாமல் இருக்க. உங்களுக்கும் எனக்கும் அதில் ஒரு பயனும் இல்லை.

தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு

இருங்காட்டுக்கோட்டை வழியாகப் போகும் அதே சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போய்க்கொண்டே இருந்தால் வருவது ஓசூர். டைட்டன் ஆலை அங்கேதான். டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய நிறுவனம் அது. இன்றும் டைட்டனில் டிட்கோவின் பங்கு 27.88 சதவீதம்.

அந்த டைட்டன் 2011-ல் ஒரு காரியம் செய்தது. 1737-ல் தொடங்கிய சுவிஸ் நிறுவனமான ஃபேவர் லூபாவை வாங்கியது. பெயர் எங்கோ கேட்ட மாதிரி இருக்கா? தாத்தாவின் பீரோவில் 'சீ சீஃப்', 'சீ கிங்' என்று எழுதிய பழைய சாவி வாட்ச் இருந்தால், அது இவர்களுடையதுதான். சுதந்திர இந்தியாவின் முதல் சில பத்தாண்டுகளில் இங்கே அமோகமாக விற்றவை.

அதே நிறுவனம் 1960-களில் 'பாத்தி' என்று ஒரு வாட்ச் செய்தது. பேட்டரி இல்லை, எலக்ட்ரானிக்ஸ் இல்லை, ஆனால் ஆழத்தை முள்ளால் காட்டும். பின்மூடித் துளைகள் வழியே வரும் கடல்நீர் ஒரு மெல்லிய உலோகச் சவ்வை அழுத்தும். அந்த நுண்ணிய அசைவை நெம்புகோல் பெரிதாக்கி முள்ளை நகர்த்தும். பிரஷர் கேஜ் பார்த்தவர்களுக்குப் புரியும். டைட்டனின் கைக்கு வந்த பிறகு இதன் வாரிசாக 'ரெய்டர் பாத்தி 120' வந்தது. 48 மி.மீ. அகலமுள்ள டைட்டானியம் கேஸ், 120 மீட்டர் வரை ஆழம் காட்டும், போன அதிகபட்ச ஆழத்தை நினைவிலும் வைத்திருக்கும். தண்ணீரை வெளியே நிறுத்துவதற்காகவே பிறந்த ஒரு பொருள், அளவெடுக்க வேண்டும் என்பதற்காகத் தண்ணீரைத் தன் முதுகுவரை விடுகிறது!

அப்படியொரு வாட்ச்சின் மறைமுகப் பங்குதாரராக ஒரு மாநில அரசு நிறுவனம் இருந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. வியாபாரம் மட்டும் பிடிபடவில்லை. கொரோனா காலத்தில் டைட்டன் அந்தத் தொழிலைச் சுருக்கிக்கொண்டது. பிறகு 2023-ல் எத்தோஸ் குழுமத்திடம் பிராண்ட் கைமாறியது. 2024-ல் 'டீப் ப்ளூ' உள்ளிட்ட மாடல்களோடு மீண்டும் வந்திருக்கிறது. டைவ் வாட்ச் சந்தையில் இன்ஜினீயரிங் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் கிடைக்காது.

உண்மையில் கட்டிக்கொண்டு குதிப்பவர்கள் யார்?

இன்று புதுச்சேரியிலோ அந்தமானிலோ ஸ்கூபா கற்றுக்கொள்ளப் போனால், பயிற்சியாளர் கையில் இருப்பது டைவ் கம்ப்யூட்டர். ஆழம், நேரம், உடம்பில் ஏறிய நைட்ரஜன் எல்லாவற்றையும் நொடிக்கு நொடி கணக்கிட்டு, 'போதும், மேலே வா' என்று அதிர்ந்து சொல்லும். சுங்குவார்சத்திரம் பக்கம் ஐபோன் தயாராகிறதே, அந்த ஆப்பிளின் 'வாட்ச் அல்ட்ரா'கூட 40 மீட்டர் வரை இந்த வேலையைச் செய்யும். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 40 மீட்டர்தான். லட்ச ரூபாய் மெக்கானிக்கல் வாட்ச் அங்கே இரண்டாவது ஆள். கம்ப்யூட்டர் செத்துப்போனால் உதவும் ஸ்டெப்னி.

நேரம் உண்மையிலேயே உயிர்ப் பிரச்சினையாக இருப்பது வேறு இடத்தில். தூத்துக்குடி கடலில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுவிட்டது. ஆனால், சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மூச்சடக்கி மூழ்கியவரை கல்லும் கயிறும் போதும், மூச்சு முட்டினால் மேலே வந்துதானே ஆக வேண்டும்? சிலர் படகில் உள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே காற்று எடுத்து இறங்கத் தொடங்கியதும் அந்த இயற்கையான அலாரம் போய்விட்டது. சிலிண்டர் என்றால் காற்று தீர்ந்துவிடும். குழாயில் தீராது. எவ்வளவு நேரமானாலும் இருக்கலாம், உடம்பில் நைட்ரஜன் ஏறிக்கொண்டே இருக்கும். 1953-ல் கேட்ட அதே கேள்வி இவர்களுக்குத்தான் மிச்சம் இருக்கிறது. சில ஆயிரம் ரூபாய் குவார்ட்ஸ் வாட்ச்சும் ஒரு சுழலும் வளையமும் அதற்குப் பதில் சொல்லிவிடும்.

அப்போ காசு எதற்கு?

சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கேசியோ 'டியூரோ' 200 மீட்டர் தாங்கும், வளையம் ஒருபக்கம்தான் சுற்றும், நேரமும் மாதத்துக்குச் சில நொடிகள்தான் தவறும். பில் கேட்ஸ் கையில் பலமுறை படம் பிடிக்கப்பட்டது இதுதான். ஐஎஸ்ஓ தரம் வேண்டும் என்றால் சிட்டிசன், சீக்கோவின் டைவர் மாடல்கள் பத்தாயிரங்களில் கிடைக்கும். சுவிஸ் சான்றிதழ் பெற்ற மெக்கானிக்கல் வாட்ச்சோ நாளொன்றுக்கு 4 நொடி பின்தங்கலாம், 6 நொடி முந்தலாம் என்று சான்றிதழே அனுமதிக்கிறது. ஆக, லட்சங்கள் போவது துல்லியத்துக்கோ ஆழத்துக்கோ அல்ல. நொடிக்கு 8 முறை துடிக்கும் சின்னஞ்சிறு இன்ஜினின் வேலைப்பாடு, உலோகத்தின் மெருகு, பெயர், திரும்ப விற்கும்போது கிடைக்கும் விலை, இவற்றுக்குத்தான். பிடித்திருந்தால் வாங்குவதில் தவறே இல்லை. 'ஸ்ட்ராங்கா இருக்கும்னு வாங்கினேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஐந்து முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை முழு சர்வீஸ். பெரிய பிராண்டுகளில் ஒரு சர்வீஸுக்கே பல பத்தாயிரம் ஆகும். இஎம்ஐ போட்டு வாங்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அவசரம் இல்லாதவர்களுக்கு ஒரு தகவல்: சுவிட்சர்லாந்து அடங்கிய எஃப்டா நாடுகளுடனான இந்தியாவின் வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. சுவிஸ் வாட்ச்கள் மீதான சுங்க வரி அதன்படி ஆண்டுதோறும் படிப்படியாகக் குறையும்.

வேடிக்கை என்னவென்றால், கார் அசெம்ப்ளி லைனில் வேலை செய்பவர் இதைக் கட்டிக்கொண்டு வேலை செய்யவே முடியாது. பெயின்ட்டில் கீறல் விழும் என்பதால் வாட்ச், மோதிரம், பெல்ட் பக்கிள் எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தடை. மெக்கானிக்கல் வாட்ச்சுக்கும் அது நல்லதுதான். பெரிய மோட்டார்களின் காந்தமும் இம்பேக்ட் ரெஞ்சின் அதிர்வும் உள்ளே இருக்கும் முடிமெல்லிய ஸ்பிரிங்குக்கு ஆகாது. (இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக்கே இருக்கிறது. ஊருக்குப் பொருத்தம் பார்த்தால் டைவ் வாட்ச்சைவிட ஸ்டாப்வாட்ச் வைத்த குரோனோகிராஃப்தான் சரி!)

'ஃபர்ஸ்ட் காப்பி' என்று சில ஆயிரத்துக்கு வரும் 'சப்மரைனர்'களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். டயலில் 300 மீட்டர் என்று அதே எழுத்தில் இருக்கும். அதை யாரும் எந்த அழுத்த அறையிலும் வைத்துப் பார்த்ததில்லை. கிரவுன் மரை இரண்டு சுற்றில் வழுக்கினால், வளையம் இரண்டு பக்கமும் சுற்றினால், அதைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்க வேண்டாம். அசல் பெயரில் போலி விற்பது சட்டப்படியும் குற்றம்.

அசலே வைத்திருந்தாலும், புதுச்சேரிக்கு டைவிங் போகும் முன் சர்வீஸ் சென்டரில் ஒரு பிரஷர் டெஸ்ட் செய்துவிடுங்கள், சில நிமிட வேலை. கிரவுன் முழுதும் திருகியிருக்கிறதா என்று பாருங்கள். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, வளையத்தை ஒரு சுற்று சுற்றிவிடுங்கள், உப்பு தங்காது. மீதி நாள்களில் அந்த வளையத்துக்கு நம் பக்கம் வேலை இல்லாமல் இல்லை. 30 நிமிட லஞ்ச் பிரேக்கில் கேன்டீன் கியூவில் நிற்கும்போது முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேராக வைத்துவிட்டால் போதும், போனை எடுக்கவே வேண்டாம்.